இரவல் சாட்சியம்

நெபுலாவின் புகைப்படம் ஒன்றைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, இது நிஜமான நிறமா என்றுதான். கேட்பவர் ஓவியராக இருக்கலாம், விஞ்ஞானம் படித்தவராக இருக்கலாம், கவிதை எழுதுபவராக இருக்கலாம், கேள்வி மாறுவதில்லை. அதற்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. படம் இத்தனை அழகாக இருக்கிறது, ஆகவே எங்கோ ஒரு பொய் இருந்தாக வேண்டும். இந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். இவ்வகைப் படங்களில் பொய்க்கு இடம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தேகப்படுகிறவர் தேடுகிற இடத்தில் அது இல்லை என்பது என் கட்சி. அவர் நிறத்தைச் சந்தேகிக்கிறார். ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்காகச் சாட்சி சொல்ல வரும்போதுதான் சந்தேகம் தேவைப்படுகிறது.

இதைத் தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கண்டதற்கும் காட்டியதற்கும் இடையில் என்ன கடன் இருக்கிறது என்பது எழுத்தாளனின் பிரச்னையும்கூட. யதார்த்தம் என்ற தலைப்பில் நாம் அதை வெகுகாலமாகப் பேசி, பேசிய அளவுக்குக் குழப்பியும் வைத்திருக்கிறோம். நெபுலாப் படத்தில் அதே பிரச்னை எண்களோடு, எவரும் சரிபார்க்கக் கூடிய ஸ்தூலமான வடிவில் வந்து நிற்கிறது.

செய்முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு சிறு டெலஸ்கோப், குளிரூட்டப்பட்ட ஒரு காமிரா, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு தாங்கி, இவற்றை வைத்துக்கொண்டு இரவுக்கணக்கில் ஒரே இடத்தைப் படம் எடுக்கிற அமெச்சூர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசியில் நானும் நிற்கிறேன். அவர்கள் ஒரே நெபுலாவை இரண்டு விதமாக எடுப்பார்கள். ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அகன்ற ஃபில்டர்களின் வழியே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை உள்ளே விடும். மூன்றுமாகச் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் நிறமாலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். மற்றது குறும்பட்டை ஃபில்டர்களின் வழியே. இவை 3 முதல் 7 நானோமீட்டர் அகலமே உள்ளவை. ஹைட்ரஜனுக்கு 656.3, இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜனுக்கு 500.7, ஓர் எலெக்ட்ரான் இழந்த கந்தகத்துக்கு 671.6, 673.1 என்று அந்தந்தத் தனிமம் உமிழும் கோட்டைச் சுற்றி மட்டும் ஒளி நுழையும். தெருவிளக்கின் வெளிச்சமும் நிலவொளியும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். நகரத்தில் இருப்பவர்கள் நெபுலாவைப் படம் எடுக்க முடிவதே இதனால்தான். பிறகு கம்ப்யூட்டரில் இந்த இரண்டு வகைத் தரவுகளையும் ஒரே படமாகக் கலக்கிறார்கள். இந்தக் கலப்புத்தான் என் விஷயம்.

*

நிஜமான நிறம் என்றால் யாருடைய கண்ணுக்கு நிஜம்?

இருட்டில் நம் கண் நிறம் பார்ப்பதில்லை. நிறம் உணரும் கூம்புச் செல்கள் ஓய்ந்துவிட, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் கோல் செல்கள் வேலை செய்கின்றன. அவற்றின் உணர்வு உச்சம் 507 நானோமீட்டர் அருகில். ஆக்ஸிஜனின் கோடு அதற்குப் பக்கத்தில் விழுகிறது. ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்போ கோல் செல்களுக்கு ஏறக்குறைய இல்லாத ஒன்று. அதனால் ஓரியன் நெபுலாவை நல்ல டெலஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு, பச்சை சாயலுடன் கூடிய சாம்பல் நிறப் புகை தெரிகிறது. படங்களில் நெபுலாவின் அடையாளமாகவே ஆகிவிட்ட சிவப்பு அங்கே இல்லை.

அருகில் போனால் தெரியும் என்று தோன்றும். தெரியாது. பரந்து கிடக்கும் ஒரு பொருளை நெருங்க நெருங்க அது பெரிதாகுமே தவிர, அதன் பரப்பின் பிரகாசம் கூடுவதில்லை. விண்கலத்தில் ஏறி ஓரியன் நெபுலாவின் வாசலுக்கே போனாலும், இங்கே டெலஸ்கோப்பில் தெரிந்த அதே மங்கல் வானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். டெலஸ்கோப் செய்யும் வேலையும் நெருங்கிப் போவதைப் போன்றதே. ஆகவே அகன்ற ஃபில்டர்களில் எடுத்து, இயற்கை வண்ணம் என்று பெயர் சூட்டப்படும் படம்கூட எந்த மனிதக் கண்ணும் காணாத, காணவும் முடியாத ஒன்று.

அதற்குள்ளும் எத்தனை தீர்மானங்கள். ஆக்ஸிஜனின் 500.7, பச்சை ஃபில்டரும் நீல ஃபில்டரும் சந்திக்கும் எல்லையில் விழுகிறது. இரண்டும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஃபில்டர் செய்தவர் வெட்டியிருந்தால் ஆக்ஸிஜன் நீலப்பச்சையாக வரும். ஒன்றின் பக்கம் தள்ளி வெட்டியிருந்தால் நீலமாகவோ பச்சையாகவோ சாயும். வெள்ளை எது என்பதும் ஒரு தீர்மானம். சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றை வெள்ளை என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சராசரியான ஒரு சுருள் காலக்ஸியின் மொத்த ஒளியை வெள்ளை என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. கடையில் வாங்கும் சாதாரணக் காமிராவோ, முகங்களும் துணிகளும் கண்ணுக்குத் தெரிகிறபடி வரவேண்டும் என்பதற்காக ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியை உள்ளேயே விடுவதில்லை. வான்படம் எடுப்பவர்கள் அந்தத் தடுப்பைக் கழற்றி எறிகிறார்கள். எது இயற்கை என்று எவர் சொல்வது?

இவ்வளவு சொன்னதால் எல்லா நிறமும் ஒன்றே, எதையும் எப்படியும் தீட்டலாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. இந்த முடிவுக்கு வருவது சுலபம். சுலபமாக இருப்பதே அதன்மேல் எனக்குள்ள முதல் சந்தேகம். அகன்ற ஃபில்டர் படத்துக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. அது ஒரு நிபந்தனை வாக்கியம்: நம் கண்ணின் நிறவுணர்வு இப்படியே இருந்து, வெளிச்சம் மட்டும் போதுமான அளவு இருந்தால், இப்படித் தெரியும். அந்த நிபந்தனைக்கு அது கட்டுப்பட்டிருக்கிறது. கட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. வெப்பம் கூடிய நட்சத்திரம் நீலமாகவும் குறைந்தது ஆரஞ்சாகவும் வந்திருக்க வேண்டும்.

குறும்பட்டைப் படத்தின் இலக்கணம் வேறு. அதில் நிபந்தனை இல்லை. இந்த இடத்தில் கந்தகத்தின் ஒளி இவ்வளவு, ஹைட்ரஜனின் ஒளி இவ்வளவு, ஆக்ஸிஜனின் ஒளி இவ்வளவு என்று அறிவிக்கும் வரைபடம் அது. ஹப்பிள் டெலஸ்கோப்பை வைத்து 1995 ஏப்ரலில் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கழுகு நெபுலாவை எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். சிருஷ்டியின் தூண்கள் என்று பெயராகிவிட்டது. அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டுமே கண்ணுக்குச் சிவப்பு. இடையில் வெறும் 15 நானோமீட்டர். நிஜ நிறத்தில் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போகும். ஆனால் அவை சொல்லும் விஷயங்கள் வேறு வேறு. ஆக்ஸிஜன் இரண்டாவது எலெக்ட்ரானை இழக்க 35 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். கடும் வெப்பமுள்ள நட்சத்திரத்தின் ஒளி படும் இடத்தில்தான் அது நடக்கும். கந்தகம் முதல் எலெக்ட்ரானை இழக்க 10.4 போதும், ஹைட்ரஜனுக்குத் தேவையான 13.6-ஐவிட அது குறைவு. அதனால் மேகத்தின் விளிம்பில், ஒளி தளர்ந்து அரித்துக்கொண்டிருக்கும் முகப்பில் கந்தகம் மின்னுகிறது. மூன்று நிறமாகப் பிரித்துப் போட்டதும் நட்சத்திரம் மேகத்தைத் தின்றுகொண்டிருக்கும் காரியம் கண்ணுக்குத் தெரிகிறது.

அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்ற வரிசையை அந்தப் படம் காப்பாற்றியிருக்கிறது. இதை வைத்து, ஒரு ராகத்தை வேறு சுருதியில் பாடுவது போலத்தான் இது என்று சமாதானம் சொல்லத் தோன்றும். அதுவும் சரியில்லை. சுருதி மாறும்போது ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. இங்கே நெருங்கிக் கிடந்த இரண்டும் விலக்கப்பட்டு, மூன்றுக்கும் சம இடம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே அது பெயர்ப்பு என்பதைவிட உவமை என்பதே பொருந்தும். கந்தகம் சிவப்பு போல, ஹைட்ரஜன் பச்சை போல. "போல" என்ற சொல் படத்தின் கீழே உள்ள குறிப்பில் இருக்கிறது. குறிப்பு இருக்கிற வரையில் பொய் இல்லை.

*

இனி கலப்புக்கு வருகிறேன். அதற்குப் பலமான ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் எதிர்வாதம் செய்வது நேர்மையாகாது.

1864 ஆகஸ்டில் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ மண்டலத்தில் உள்ள ஒரு கிரக நெபுலாவின் ஒளியை ஸ்பெக்ட்ராஸ்கோப்பின் வழியே பார்த்தார். நட்சத்திரங்களுக்குக் கிடைப்பது போன்ற தொடர்ந்த வானவில்லை அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். கண்டது சில தனிக் கோடுகளை. அதிலும் பளிச்சென்றிருந்தது ஒரு பச்சைக் கோடு. அது எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால் நெபுலியம் என்ற புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன், அது நமக்குப் பழகிய ஆக்ஸிஜனே, பூமியில் கிடைக்காத அடர்த்திக் குறைவில் இப்படி ஒளிர்கிறது என்று காட்டினார். நட்சத்திரத்தின் ஒளி தொடர்ச்சியானது, நெபுலாவின் ஒளி கோடுகளால் ஆனது என்பது ஹக்கின்ஸின் அந்த இரவிலிருந்து தெரிந்த உண்மை. அப்படியானால், நட்சத்திரத்தை அகன்ற ஃபில்டரிலும் நெபுலாவைக் குறும்பட்டையிலும் எடுத்துச் சேர்ப்பது, அதனதன் பாஷையில் அதனதனைப் பேசவிடுவதுதானே? நல்ல கேள்வி. பதில் சொல்ல, கலப்பு நடக்கும் இரண்டு விதங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் விதம், ஹைட்ரஜன் தரவைச் சிவப்பில் சேர்ப்பது. சிவப்பு ஃபில்டருக்குள் ஹைட்ரஜனின் கோடு ஏற்கெனவே இருக்கிறது. நட்சத்திர ஒளியும் நகரத்து வெளிச்சமும் அதை மூழ்கடித்திருக்கின்றன. குறும்பட்டையிலும் நட்சத்திர ஒளி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 5 நானோமீட்டர் ஃபில்டர் என்றால், 100 நானோமீட்டர் சிவப்பில் இருப்பதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அந்தப் பங்கைக் கழித்தால் மீதி நிற்பது தூய ஹைட்ரஜன். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை நட்சத்திரங்களே சொல்லிவிடும்: குறைவாகக் கழித்தால் அவை வெள்ளைப் புள்ளியாக மிஞ்சும், கூடுதலாகக் கழித்தால் கறுப்புக் குழியாகிவிடும், சரியாகக் கழித்தால் மறையும். இங்கே நட்சத்திரங்கள் நேர்மையான சாட்சிகள்.

கழித்து எடுத்ததைத் திரும்பச் சேர்க்கும்போது அந்தச் சாட்சி இல்லை. தூய ஹைட்ரஜனை ஓர் எண்ணால் பெருக்கிச் சிவப்போடு கூட்டுகிறார்கள். அந்த எண் என்ன? 0.2-ஆ, 1-ஆ, 3-ஆ? வானத்தில் எதுவும் அதைச் சொல்வதில்லை. ஹைட்ரஜன் ஏற்கெனவே சிவப்பில் உள்ளபடியால், பூஜ்யத்துக்கு மேற்பட்ட எந்த எண்ணும் மிகைதான். மிகை என்பதால் அதை நான் நிராகரிக்கவில்லை. இரைச்சலில் புதைந்த ஒன்றை வெளியே கொண்டுவர மிகை வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது படம் எடுப்பவரின் கண்ணும் ருசியும் என்பதை மறக்கக்கூடாது. நெபுலாப் படத்தின் ஒழுக்கம் முழுவதும் அந்த ஒரு பெருக்கெண்ணுக்குள் குடியிருக்கிறது என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

இதன் இழப்பு எங்கே தெரிகிறது என்றால், டிரிஃபிட் நெபுலாவில். தனுசு மண்டலத்தில் இருக்கும் அதன் ஒரு பகுதி ஹைட்ரஜனால் தானே ஒளிர்கிறது. பக்கத்திலுள்ள இன்னொரு பகுதி பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியைத் தூசியால் சிதறடித்து நீலமாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் ஃபில்டருக்கு அந்த நீலத் தூசி பெரும்பாலும் தெரியாது. ஹைட்ரஜன் படத்தின் பிரகாசத்தையே முழுப்படத்தின் பிரகாசமாக வைத்துவிட்டால் நீலப்பகுதி மங்கிச் செத்துவிடும். அங்கே பொய்யாக எதுவும் சேர்க்கப்படவில்லை. ஒரு கருவியின் பாஷையில் இல்லாதது, உலகத்திலும் இல்லாததாகிவிட்டது. ஒரு கோட்பாட்டின் வழியாக மட்டுமே நாவல்களைப் படிக்கிற விமர்சகர்களிடம் இதே காரியத்தை நாம் தினமும் பார்க்கிறோம்.

*

இரண்டாவது விதம்தான் எனக்கு உண்மையான தொந்தரவு. நெபுலா முழுவதும் ஹப்பிள் முறையில் குறும்பட்டையிலிருந்து. நட்சத்திரங்கள் மட்டும் அகன்ற ஃபில்டரிலிருந்து.

இது ஏன் தேவைப்பட்டது? மூன்று தனிமங்களில் ஹைட்ரஜன் பெரும்பாலும் பலசாலி. பலவீனமான கந்தகத்தையும் ஆக்ஸிஜனையும் அதற்குச் சமமாகத் தூக்கி நிறுத்தும்போது, அவற்றில் உள்ள நட்சத்திரங்களும் கூடவே வீங்குகின்றன. சிவப்பும் நீலமும் வீங்கி, பச்சை பின்தங்க, நட்சத்திரங்கள் எல்லாம் அரளிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். பார்க்கச் சகிக்காது. ஆகவே நெபுலாவிலிருந்து நட்சத்திரங்களை ஒரு மென்பொருளால் நீக்குகிறார்கள். நீக்கிய ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அடியில் ஒரு வெற்றிடம் விழும். அங்கே என்ன இருந்திருக்கும் என்று, ஆயிரக்கணக்கான படங்களில் பழகிய அந்த மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பிறகு அகன்ற ஃபில்டரில் எடுத்த நட்சத்திரங்களை, நீலமும் வெள்ளையும் ஆரஞ்சுமான நட்சத்திரங்களை, அதன்மேல் வைக்கிறார்கள்.

முடிந்த படத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் நாம் இரவில் அண்ணாந்து பார்த்தவைபோலவே இருக்கின்றன. திருவாதிரையின் ஆரஞ்சும் ரிகெலின் நீல வெண்மையும் வெறும் கண்ணுக்கே தெரிந்தவை. அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நட்சத்திரங்களை நம் கண் உடனே ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட அதே மூச்சில் அவற்றின் பின்னால் நிற்கும் தங்க நிற மேகத்தையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அரளிப்பூ நிற நட்சத்திரங்கள் இருந்தவரையில், இது வேறு கணக்கில் எழுதப்பட்ட படம் என்று அவை காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றியதும் காட்டிக்கொடுக்க யாருமில்லை. நிபந்தனை வாக்கியத்துக்குக் கட்டுப்பட்ட நட்சத்திரங்கள், அந்த நிபந்தனைக்கே சம்பந்தமில்லாத மேகத்துக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கின்றன. சாட்சியம் இரவல். அதனதன் பாஷையில் அதனதனைப் பேசவிடுவது என்ற நியாயம் இங்கேதான் இடறுகிறது. இரண்டு பாஷைகளும் ஒரே எழுத்தில், ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டுவிட்டன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

நம் புனைகதைகளில் இந்த ஏற்பாடு பழையது. தெருவின் பெயர் சரியாக இருக்கும். டீக்கடை பெஞ்சின் ஆட்டம், பஸ் டிக்கெட்டின் விலை, கிழவியின் வட்டாரப் பேச்சு, எல்லாம் அச்சாக இருக்கும். இவற்றையெல்லாம் நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருகிற வாசகன், கடைசி அத்தியாயத்தில் ஒரு மனிதன் எந்த மனிதனும் செய்யாத தியாகத்தைச் செய்யும்போது அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். தகவல்கள் நிஜம், அந்த நிஜத்தின் உத்தரவாதத்தில் உள்ளே வந்த மனிதன் பொய். யதார்த்தவாதத்தின் மீது நாம் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு, அது வெளியுலகை நகலெடுக்கிறது என்பதல்ல. நகலெடுத்த சில்லறை உண்மைகளை ஈடு வைத்துப் பெரிய பொய்யைக் கடனாக வாங்குகிறது என்பதே. அப்பட்டமான விசித்திரக் கதை இந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. அரளிப்பூ நட்சத்திரத்தைப் போல அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறது.

*

தங்க நிற மேகம் என்றேன். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஹைட்ரஜன் பச்சை என்ற ஹப்பிள் முறையை அப்படியே பின்பற்றினால், படம் பெரும்பாலும் பச்சையாகத்தான் வரும். இன்று அமெச்சூர் படங்களில் அந்தப் பச்சையைக் காண்பது அரிது. சிவப்பும் நீலமும் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் பச்சையைக் குறைக்கும் ஒரு கட்டளையை மென்பொருளுக்குக் கொடுத்து, மிச்சத்தைப் பொன்னிறத்துக்குத் திருப்புகிறார்கள். விண்வெளியில் பச்சை கிடையாது என்பது இவர்கள் வட்டாரத்தில் ஒரு வேதவாக்கு. பச்சையாகத் தெரியும் நட்சத்திரம் இல்லை என்பது உண்மை. அகன்ற ஃபில்டர் படங்களில் பின்னணி முழுவதும் படரும் பச்சை பெரும்பாலும் குறைபாடே என்பதும் உண்மை. ஆனால் நெபுலாவில் மனிதக் கண் தானாகக் காணும் ஒரே நிறச்சாயல் பச்சைதான். ஹக்கின்ஸைத் திகைக்க வைத்த கோடும் பச்சை. இது போகட்டும். ஹப்பிள் முறையில் பச்சை என்பது ஹைட்ரஜனுக்குக் கொடுத்த குரல். அதை அழித்துவிட்டு, கந்தகமும் ஆக்ஸிஜனும் கூடி நடத்தும் தங்கமும் நீலமுமான நாடகத்தைக் காட்டிவிட்டு, இது ஹப்பிள் வண்ணம் என்று கீழே எழுதுகிறார்கள். குறிவிளக்கமாக இருந்தது பாணியாகிவிட்டது.

எலிஸபெத் கெஸ்லர் 2012-இல் வெளியிட்ட நூலில், ஹப்பிள் படங்களின் அழகு, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பிரதேசத்தின் மலைகளையும் பாறைகளையும் வரைந்த தாமஸ் மோரன், ஆல்பர்ட் பியர்ஸ்டாட் போன்றோரின் நிலக்காட்சிகளுக்குக் கடன்பட்டது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். ஹெஸ்டரின் படத்திலும் அந்தக் கடன் உண்டு. ஆனால் அதில் நிறத்துக்கு ஒரு பொறுப்பும் கூடவே இருந்தது. பாணியைப் பின்பற்றுகிறவர்களிடம் கடன் மட்டும் தங்கி, பொறுப்பு நழுவிவிட்டது. ஒரு கவிஞனின் தவிர்க்க முடியாத படிமம் அடுத்த பத்து வருஷத்தில் எல்லோருடைய அலங்காரமும் ஆகிவிடுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

"போல" நழுவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெப்டியூன் உதாரணம். 1989-இல் வாயேஜர் 2 அனுப்பிய படங்களில், மேகங்களும் காற்றுப்பட்டைகளும் தெரிவதற்காக நீலத்தை அழுத்தமாக்கியிருந்தார்கள். அப்படிச் செய்திருக்கிறோம் என்று அன்று படத்தோடு குறிப்பும் போட்டார்கள். குறிப்பு உதிர்ந்தது, நீலம் நின்றது. பள்ளிப் புத்தகங்களில் யுரேனஸ் வெளிர்பச்சையாகவும் நெப்டியூன் கருநீலமாகவும் ஒரு தலைமுறை முழுவதும் பதிந்துவிட்டது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வினும் சகாக்களும், இரண்டும் ஏறக்குறைய ஒரே பச்சைநீல வெளிறல், நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் கூடுதல், அவ்வளவே என்று மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. உவமை உருவகமாகி, உருவகம் தகவலாகிவிட்டது.

*

கலக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலப்பில்லாமல் அறிந்திருக்க முடியாத ஒன்றை அமெச்சூர்களே கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரோமெடா காலக்ஸியைப் போல மனிதன் படமெடுத்த பொருள்கள் வானத்தில் குறைவு. நூற்றாண்டுக்கு மேலாக எல்லா அளவு டெலஸ்கோப்புகளாலும் எடுத்தாகிவிட்டது. 2022-இல் மார்ஸெல் ட்ரெக்ஸ்லர், ஸேவியர் ஸ்ட்ராட்னர், யான் ஸேன்டி என்ற மூன்று அமெச்சூர்கள் அதன் பக்கத்தில் ஆக்ஸிஜன் ஒளியாலான பெரிய வில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சிறிய டெலஸ்கோப், நூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு. காலக்ஸியைச் சுற்றி ஆக்ஸிஜனைத் தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாததால் அது அத்தனை காலம் எல்லோர் கண்ணெதிரிலும் மறைந்திருந்தது. அவர்கள் படத்தில் காலக்ஸி அகன்ற ஃபில்டர்களிலிருந்து, வில் குறும்பட்டையிலிருந்து. உண்மையான விகிதத்தில் காட்டினால் வில் தெரியவே தெரியாது. ஆகவே அதைப் பன்மடங்கு தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். என் கணக்கில் இதுவும் மிகையே. காலக்ஸியின் பழகிய முகம் அந்த வில்லுக்கும் இரவல் சாட்சியம் தரத்தான் செய்கிறது. வில் காலக்ஸியின் பக்கத்தில்தான் இருக்கிறதா அல்லது நம் பால்வீதிக்குள் எங்கோ நடுவில் இருக்கிறதா என்பதே விவாதத்துக்குரியது. படமோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறது.

ஆனாலும் இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவர்கள் காலக்ஸியின் சாட்சியத்தை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. வேறு டெலஸ்கோப்புகளில், வேறு காமிராக்களில் அந்த வில் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்த பிறகே, 2023 ஜனவரியில் ஆராய்ச்சிக் குறிப்பாக வெளியிட்டார்கள். எந்த ஃபில்டர், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இருக்கிறது. வேண்டியவர் அதே இடத்தைத் திருப்பி எடுத்துப் பார்த்து, இல்லை என்று சொல்லலாம். இல்லை என்று சொல்ல இடம் கொடுக்கிற மிகைக்கும், இல்லை என்று சொல்ல வழியே வைக்காத மிகைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் இவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்தேன். நோக்கம் தூய்மையானதா என்பது என் அளவுகோல் இல்லை. விளைவு சரியாக வந்துவிட்டதா என்பதும் இல்லை.

இந்த இரண்டும் ஏன் போதாது என்பதற்கு, இந்தக் கலையின் முதல் படமே சான்று. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கட்டம் போட்ட ஒரு ரிப்பனின் வண்ணப் படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் ஸட்டன் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறக் கரைசல்களின் வழியே தனித்தனியாக எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே நிறங்களின் வழியே ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி பாய்ச்சிக் கூட்டினார். இன்று நாங்கள் மாடியில் செய்வதும் அதே செய்முறைதான். ரிப்பனின் சிவப்பு திரையில் சிவப்பாக வந்தது. ஆனால் அந்தக் காலத்து ரசாயனத் தகடு சிவப்பு ஒளிக்குக் குருடு. வந்திருக்கவே கூடாத சிவப்பு எப்படி வந்தது? 1961-இல் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸும் சகாக்களும் சோதனையைத் திரும்பச் செய்து கண்டுபிடித்தார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் பிரதிபலித்திருக்கிறது. சிவப்பு ஃபில்டராக வைத்த இரும்பு உப்புக் கரைசல் அதையும் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறது. தகடு பதிந்துகொண்டது அதைத்தான். உலகத்தின் முதல் வண்ணப்படத்தில் இருந்த சிவப்பு, சிவப்பே அல்ல.

மாக்ஸ்வெல் நேர்மையானவர். படமும் ரிப்பனைப் போலவே இருந்தது. இடையில் இருந்த சங்கிலி மட்டும் வேறாக இருந்தது. அது அவருக்கே தெரியாது. நோக்கத்தையோ விளைவையோ மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் அது இன்றுவரை தெரியாமலே இருந்திருக்கும். ஸட்டன் எந்தக் கரைசலை வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஒளி காட்டினோம் என்று எழுதி அச்சிட்டு வைத்திருந்தார். அந்தச் சாதாரணக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் 100 வருஷம் கழித்து வந்தவர்கள் அந்தச் சிவப்பின் வேர் வரைக்கும் போக முடிந்தது.

தங்க நிற மேகத்தின்மேல் வெள்ளை நட்சத்திரங்களை வைக்கிறவரிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். மேகம் எங்கிருந்து வந்தது, நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன, பச்சைக்கு என்ன ஆயிற்று, பெருக்கெண் எவ்வளவு என்று எழுதிவைக்கட்டும். அந்தக் குறிப்பு படத்தை அழகாக்காது. அதைப் படிக்கிறவர்கள் ஒருவேளை பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். நாம் பத்துப் பேருக்காக எழுதிப் பழகியவர்கள். எண்ணிக்கை ஒரு ஆட்சேபமாக நமக்குத் தோன்ற நியாயமில்லை.